பிடங்கு நிலத்தில் படும் ஓசை

ஸ்டோவ்னர், ஒஸ்லோ
14 செப்டெம்பர் 2003

திரு. கிளெமென்ற் அவர்களுக்கு,

நான் பேசாமல் இருந்தது போதும். பன்னிரண்டு வருடங்களாக உங்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. தொலைபேசியில் உங்கள் குரல் கேட்டபோதெல்லாம் வைத்துவிட்டேன். இனியும் அப்படியே இருந்திருப்பேன். ஆனால் நேற்றுப் பின்னேரம் உங்கள் மகள் எம்மா என் வாசலில் வந்து நின்றாள்.

அவளை எட்டு வயதில் கண்டது. இப்போது ஒஸ்லோவில் படிக்கிறாளாம். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "மாமா, உள்ளை வரலாமோ?" என்றாள். என்னை யாரும் மாமா என்று கூப்பிட்டு வெகுகாலம். அதனால்தான் உள்ளே விட்டேன். உங்களுக்காக அல்ல.

"உங்களிட்டை உண்மைத் துவக்கு மாதிரி ஒண்டு இருக்காம். எங்கடை நாடகத்துக்கும் அப்பிடி ஒண்டு செய்து தரேலுமோ எண்டு அப்பா கேட்கச் சொன்னவர்."

"கொப்பருக்கு வாய் இல்லையோ?"

"நீங்கள் ரெலிபோனை வைச்சுப்போடுவியளாம்."

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

துவக்குக் கதையை நீங்கள் இருக்கும் துரொண்ட்ஹெய்ம் வரை யார் கொண்டுபோயிருப்பார் என்று எனக்குத் தெரியும். குறொன்லாண்டில் கடை வைத்திருக்கும் பத்மநாதன். போன மாதம் அரிசி மூட்டை கொண்டுவந்தவர், மேசையில் கிடந்ததைக் கண்டதும் மூட்டையை வாசலிலேயே போட்டுவிட்டு, லிஃப்டுக்கும் நிற்காமல் படியால் இறங்கிவிட்டார். இப்போது கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் நான் ஆயுதக்காரன்.

உண்மை இதுதான். என்னோடு களஞ்சியத்தில் வேலை செய்யும் ஊட்வார் என்ற நோர்வேக்காரன் ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு காட்டுக்குள் போய்ச் சுட்டு விளையாடுகிறவன். மிளகை விடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் குண்டு துப்பும் விளையாட்டுத் துவக்கு. ஸொஃப்ட்கன் என்பார்கள். பார்வைக்கு அச்சொட்டாக ஏகே. வயர் அறுந்துவிட்டதென்று என்னிடம் திருத்தத் தந்தான். திருத்தினேன். ஆனால் தோளில் ஊன்றும் பின்பாகமான பிடங்கைப் பார்க்கச் சகிக்கவில்லை. மண்ணிறப் பிளாஸ்டிக், அதன்மேல் மரவரி போலக் கோடுகள். பொய் சொல்லலாம், இவ்வளவு சோம்பலாகச் சொல்லக்கூடாது. பழைய உண்மைத் துவக்குகளிலிருந்து கழற்றிய மரப்பாகங்கள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து தபாலில் கிடைக்கும் என்றான். எடுப்பித்தான், பொருத்திக் கொடுத்தேன். பிறகு அவனுடைய கூட்டாளிகளும் கொண்டுவந்தார்கள். நான் காட்டுக்குப் போவதில்லை. எனக்கு மரம் போதும்.

இனி உங்கள் விடயம். 'காவல் மாறும் நேரம்' நான் எழுதிய நாடகம். வடக்கே அகதி முகாமில், யன்னலின் பாதிக்கு மேல் பனி ஏறிய அறையில், நீங்களும் நானும் இரண்டு கட்டில்களில் கிடந்த மாரியில் எழுதியது. ஒரு காவலாளி, ஒரு துவக்கு, வேறு யாருமில்லை. அவனை மாற்ற ஆள் வரவேண்டும். வரவில்லை. 1991இல் ஒஸ்லோவில் அது மேடையேறியபோது மஞ்சள் நோட்டீஸில் 'எழுத்து, நெறியாள்கை, நடிப்பு: கிளெமென்ற்' என்று இருந்தது. முடிவையும் மாற்றினீர்கள். என் காவலாளி வானத்தை நோக்கிச் சுட்டுவிட்டுக் கத்துவான். உங்களுடையவன் பிடங்கை நிலத்தில் ஊன்றிவிட்டுப் பேசாமல் நின்றான். சனம் அழுதது. பக்கத்துக் கதிரைக்காரர் என்னிடமே திரும்பி, "கிளெமென்ற் என்னமாய் எழுதியிருக்கிறான், பாத்தியளோ!" என்றார்.

இப்போது அதே நாடகத்தை எம்மாவைக் காவலாளியாக்கிப் போடுகிறீர்களாம். அதற்கு என்னிடமிருந்து மரம் வேண்டுமாம். வெட்கம் என்று ஒன்று உங்களுக்கு இருக்கிறதா?

ச. இந்திரகுமார்
பி.எஸ்ஸி., பேராதனை


துரொண்ட்ஹெய்ம்
22 செப்டெம்பர் 2003

மச்சான் இந்திரா,

உன்ரை கடிதத்தின்ரை முதல் வரியைப் பாத்திட்டு, "இதென்ன, பாங்கிலையிருந்தோ?" எண்டு மனிசி அனஸ்ரேசியா கேட்டவ. ஒரே சட்டியிலை பாண் தோய்ச்சுத் திண்டவனுக்கு 'திரு' போட்டு, 'நீங்கள்' போட்டு, கீழை பட்டமும் போட்டு! ஏன்ரா, தபால்காரன் வேலை எடுத்துத் தருவான் எண்டோ?

எண்டாலும் எழுதினாய். அதைச் சட்டைப்பையிலை வைச்சுக்கொண்டு பஸ் ஓட்டினனான். சிவப்பு விளக்கிலை நிக்கிற நேரமெல்லாம் ஒரு பந்தி. மத்தளத்துக்கு அடி மாதிரி உன்ரை திட்டு எனக்குப் பழகின சத்தம்தானே. ஒரு கிழவி பின்னாலையிருந்து, "பச்சை விழுந்திட்டுது, நித்திரையோ?" எண்டு கத்தினா.

வெட்கம் இருக்கோ எண்டு கேட்டிருந்தாய். இருக்கு. அதைப் பிறகு எழுதுறன். முதல் துவக்கு.

ஆவணியிலை தமிழ்ப் பள்ளிக்கூட விழாவிலை நாடகத்தை ஒருக்கால் போட்டுப் பாத்தம். எம்மா நல்லாய்ச் செய்தவள். உன்ரை வசனம் அவளின்ரை நோர்வே நாக்கிலை அங்கை இஞ்சை வழுக்கினாலும், சனம் அசையேல்லை. கடைசியிலை துவக்கை நிலத்திலை ஊன்றினாள். 'டொக்' எண்டுது. பிளாஸ்ரிக் வாளி விழுந்த சத்தம். முன்வரிசையிலை இருந்த ஒரு மனிசி, "பிள்ளை, கிணத்தடி அந்தப் பக்கம்" எண்டிட்டா. மண்டபம் முழுக்கச் சிரிப்பு. எம்மா மேடையிலையே அழுதிட்டாள். இனிமேல் நடிக்கமாட்டன் எண்டு நிக்கிறாள். சத்தம் சரி எண்டால் மட்டும் நடிப்பாளாம்.

நோர்வேக்காரருக்குப் போட்டிருந்தால் ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது. எங்கடை சனத்தை ஏமாத்தேலாது மச்சான். வாசற்படியிலை, செக்பொயின்ரிலை, பஸ்ஸுக்குள்ளை எண்டு பிடங்கு நிலத்திலை படுற சத்தத்தைக் கேட்டுக்கேட்டே வளந்ததுகள். கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவினம், எது மரம், எது இல்லை எண்டு. பத்மநாதன் ஏன் ஓடினவன் எண்டு நினைக்கிறாய்? அவன் மரத்தைக் கண்டவன்.

மார்கழி முதற் சனிக்கிழமைக்குப் பெரிய மண்டபம் எடுத்தாச்சு. துவக்கை எம்மா கொண்டுவந்து தருவாள். செய்து தா.

கிளெமென்ற்


ஸ்டோவ்னர்
5 ஒக்டோபர் 2003

கிளெமென்ற்,

'நீங்கள்' உன்னைக் கொல்லும் என்றால் 'நீ' என்றே எழுதுகிறேன். பதில் வரும்வரை நீ உயிரோடு இருக்கவேண்டும்.

எம்மா விளையாட்டுத் துவக்கைக் கொண்டுவந்து தந்தாள். மரத்தை ஊட்வார் எடுப்பித்துத் தந்தான். பழைய எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பிடங்கு, அடியில் இரும்புத் தகடு. முகம் தெரியாத எவனோ கன்னம் வைத்துத் தேய்த்த இடம் மினுங்குகிறது. அவன் எந்த நாட்டில் எதைக் காத்து நின்றானோ!

இதை நினைத்தவுடன் மாட்டிவிடலாம் என்று நீ நினைப்பாய். உனக்கு எல்லாமே அப்படித்தான். உண்மை மரத்தின் நாக்கு, பொய்த் துவக்கின் வாய்க்குள் போகாது. மெழுகுதிரிக் கரியை வாயின் உட்புறத்தில் பூசி, மரத்தைத் தள்ளி, திரும்ப இழுத்துப் பார்க்கவேண்டும். கரி ஒட்டிய இடம்தான் இடறுகிற இடம். அதை மட்டும் உளியால் மெல்லச் சீவி, மறுபடியும் தள்ளி, மறுபடியும் இழுத்து. அவசரப்பட்டு அதிகம் சீவினால் பிடங்கு ஆடும். பிறகு எதாலும் திருத்தமுடியாது. திருகாணித் துளைகளும் ஒத்துவரவில்லை. பழைய துளைகளை மரமுளையால் அடைத்துப் புதிதாய்ப் போட்டேன். வேலையால் வந்து, சோறு வைத்துவிட்டு, இதோடு இருந்துவிட்டால் மாலை போய்விடுகிறது. கதைக்க ஆள் இல்லை என்பது தெரியாது.

இப்போது ஒரு முடிவு எடுக்கவேண்டிய இடத்தில் நிற்கிறேன். விளையாட்டுத் துவக்கின் பற்றரி பிடங்குக்குள் இருப்பது. பிளாஸ்டிக் பிடங்கு உள்ளே வெறுங்கோது, அதனால் இடம் உண்டு. இந்த மரம் முழுக்கட்டை. உள்ளே குடைந்தால் பற்றரி வைக்கலாம், துவக்கு வேலை செய்யும், மேடையில் வானத்தை நோக்கிச் சுடலாம். என் முடிவைப் போடலாம். குடைந்தால் நீ கேட்கிற சத்தம் செத்துவிடும். குடையாவிட்டால் சத்தம் இருக்கும், துவக்கு ஒருபோதும் சுடாது.

ஆகவே என் நிபந்தனைகள். நோட்டீஸில் எழுத்து என்ற இடத்தில் என் பெயர் வரவேண்டும். முடிவு நான் எழுதியபடி இருக்கவேண்டும். நீ ஓம் என்றால் பிடங்கைக் குடைகிறேன்.

வெட்கத்தைப் பற்றிப் பிறகு எழுதுவதாகச் சொன்னாய். பிறகு என்பது எப்போது?

ச. இந்திரகுமார்
பி.எஸ்ஸி., பேராதனை


துரொண்ட்ஹெய்ம்
19 ஒக்டோபர் 2003

இந்திரா,

இதை எழுதத் தொடங்கிக் கிழிச்சு, தொடங்கிக் கிழிச்சு, அனஸ்ரேசியா பேசிப்போட்டா. "சொல்லுறதெண்டால் சொல்லித் துலையுங்கோ, வீடெல்லாம் கடதாசி."

அந்த நோட்டீஸ் அச்சுக்குப் போக முதல் இயக்க ஆள் ஒருத்தர் என்னட்டை வந்தவர். பெயர் வேண்டாம், இப்ப அவரும் இல்லை. "காவலுக்கு நிக்கிறவனைத் தனிய விட்டது ஆர் எண்டு சனம் கேக்கும். இதை எழுதினது ஆர், தம்பி?" எண்டார். சிரிச்சுக்கொண்டுதான் கேட்டவர். உன்ரை அம்மாவும் தம்பியும் அப்ப யாழ்ப்பாணத்திலை. என்ரை ஆக்கள் மன்னாரை விட்டு இந்தியாவுக்குப் போட்டினம். நான் யோசிக்கேல்லை. "நான்தான் அண்ணை" எண்டன். பிறகு நோட்டீஸிலை வேறை என்னத்தைப் போடுறது?

உனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? உன்ரை பெயரை ரெண்டு மடங்கு பெரிசாய் அடிக்கச் சொல்லியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியும்.

இதோடை நிப்பாட்டினால் நான் நல்லவனாய்ப் போடுவன். அப்பிடி இல்லை. அம்மா 96இலை தவறிப்போனா. தம்பி கனடா போட்டான். 97இலை இஞ்சை திரும்ப நாடகம் போடேக்கை எனக்கு ஒரு சாட்டும் இல்லை. ஆனால் அதுக்குள்ளை சனம் என்னை 'காவல் கிளெமென்ற்' எண்டு கூப்பிடத் தொடங்கிட்டுது. முதல் பயத்திலை போட்ட பெயர். பிறகு இனிச்சுது. இதுதான் வெட்கம். கேட்டாய், சொல்லிட்டன்.

முடிவைப் பற்றி. நான் அதை மாத்தேல்லை மச்சான். துவக்கைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தனான். மூண்டாம் வரிசையிலை நீ, மடியிலை அந்த மஞ்சள் நோட்டீஸ். உன்ரை முகத்தைக் கண்டதோடை வசனம் எல்லாம் போச்சு. சுடுறதும் மறந்து, கத்துறதும் மறந்து, கை தானாய்க் கீழை வந்திட்டுது. சனம் அழுதது அதுக்குத்தான். அந்த முடிவு உன்னதும் இல்லை, என்னதும் இல்லை.

பெயரைப் போடுறன். கட்டாயம். முடிவை மட்டும் விடு. பிடங்கைக் குடையாதை.

கிளெமென்ற்


ஸ்டோவ்னர்
2 நவம்பர் 2003

கிளெமென்ற்,

என் அம்மாவை உன் சாட்டுக்குள் இழுக்காதே.

எனக்காகப் பயப்பட உன்னை யார் கேட்டது? என் பெயரை எடுப்பதற்கு என்னிடம் அனுமதி கேட்கவில்லை. எடுத்ததற்குக் காரணம் சொல்லவும் பன்னிரண்டு வருடம் எடுத்தாய். நான் அந்த வருடங்களில் யாருடைய கலியாணத்துக்கும் போகவில்லை, எந்த மண்டபத்துக்குள்ளும் காலெடுத்து வைக்கவில்லை, தெரியுமா? 'காவல் கிளெமென்ற்' நாடகம் பார்த்தீர்களா என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்ற பயம். நீ ஒருவருக்குப் பயந்தாய். நான் எல்லோருக்கும் பயந்தேன்.

வேலையை நிறுத்திவிட்டேன். பிடங்கு ஒரு பக்கமும் துவக்கு ஒரு பக்கமுமாகக் கிடக்கின்றன. எம்மா வந்து எடுத்துப் போகலாம்.

ச. இந்திரகுமார்
பி.எஸ்ஸி., பேராதனை


துரொண்ட்ஹெய்ம்
9 நவம்பர் 2003

இந்திரா,

அம்மாவைப் பற்றி எழுதினது உன்னை நோகப் பண்ணியிருந்தால் மன்னி. பொய் எண்டு மட்டும் நினைக்காதை.

இதோடை நோட்டீஸின்ரை மாதிரி வைச்சிருக்கிறன். பார். 'எழுத்து: ச. இந்திரகுமார்' மேலை, பெரிய எழுத்திலை. பட்டம் போடேல்லை, இடம் காணாது. என்ரை பெயர் கீழை, கதிரை அடுக்குற பெடியளோடை. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் குடுக்கிறதாய் இருந்தது. உன்ரை பதில் வரும்வரைக்கும் பிந்தச் சொல்லியிருக்கிறன்.

உன்ரை முடிவுதான் வேணும் எண்டால் அதையும் போடுவம். குடை. எம்மாவோடை நான் கதைக்கிறன். முன்வரிசையிலை உனக்கு ஒரு கதிரை இருக்கும்.

சனிக்கிழமை எம்மா உன்னட்டை வருவாள். துவக்கு எப்பிடி இருக்குதோ, அப்பிடியே குடுத்துவிடு.

கிளெமென்ற்


ஸ்டோவ்னர்
16 நவம்பர் 2003

கிளெமென்ற்,

எம்மா நேற்று வந்தாள். நான் துவக்கை அரைகுறையாகக் கொடுத்தனுப்பவில்லை. கோபம் உன்னோடு. மரத்தோடு இல்லை.

உன் நோட்டீஸ் வந்த அன்று பிடங்கைத் திரும்பக் கையில் எடுத்தேன். குடைவதற்கு உளியும் எடுத்துவைத்தேன். ஓம், நீ சம்மதித்துவிட்டாய், என் முடிவு எனக்குக் கிடைத்துவிட்டது. குடைய முதல் ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஊட்வாரின் துவக்கு திருத்த வந்து வீட்டில் கிடந்தது. அதைத் தூக்கி வானத்தைப் பார்த்து, அதாவது என் கூரையைப் பார்த்து, விசையை அழுத்தினேன். தையல் மெஷின் ஓடுகிற சத்தம். என் காவலாளி பதினைந்து வருடமாகச் சுடக் காத்திருந்தவன். சட்டை தைக்கிறவன் போல நின்றான். எனக்கே சிரிப்பு வந்தது. இந்த வீட்டில் நான் தனியே சிரித்தது எனக்கு விநோதமாக இருந்தது.

பிறகு உன் பிடங்கைக் குடையாமலே பொருத்தி, நிலத்தில் ஊன்றிப் பார்த்தேன். கீழ்வீட்டுக்காரி விளக்குமாற்றால் தன் கூரையைத் தட்டினாள். நான் அசையவில்லை. அந்த ஓசையை நீ கேட்டிருக்கிறாய், நான் உனக்கு எழுதிக் காட்டத் தேவையில்லை. பேராதனையிலிருந்து லீவில் வந்த ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் அப்படி ஒரு ஓசை கேட்டது. அம்மா குசினிக்குள் கையிலிருந்த அகப்பையை வைக்காமல் அப்படியே நின்றார். இன்றுவரை அதை நான் யாருக்கும் சொன்னதில்லை. அவர் எப்படி நின்றாரோ அப்படியே நானும் நின்றேன். ஒருவரும் வரவில்லை. வர யார் இருக்கிறார்கள்?

ஆகவே பிடங்கு முழுக்கட்டையாகவே இருக்கிறது. கைப்பிடிக்குள் இருந்த மோட்டரையும் கழற்றிவிட்டேன். அதனால் கைப்பிடிக்கும் மரம் போட முடிந்தது. ஆளிவிதை எண்ணெய் மெல்லிதாகப் பூசிக் காயவிட்டு, திரும்பத் திரும்பப் பூசியிருக்கிறேன். மேடை வெளிச்சத்தில் பளபளக்காது. இது இனிச் சுடாது. மறந்துபோனவனின் முடிவுக்குச் சரியான துவக்கு.

எம்மா அதைக் கையில் வாங்கி, பாரம் பார்த்து, நடு அறையில் நின்று ஊன்றினாள். அழவில்லை. "மாமா, ஒருத்தரும் மாத்த வரமாட்டினம் எண்டு தெரிஞ்சபிறகும் அவன் ஏன் போகேல்லை?" என்று கேட்டாள்.

"எழுதினவரைக் கேள்."

"அதுதானே கேக்கிறன்."

"நோட்டீஸ் பாத்திட்டியோ?"

"என்ன நோட்டீஸ்? நீங்கள் எழுதினது எண்டு அப்பா சின்னனிலை இருந்தே சொல்லுறவர். ஆருக்கும் சொல்லக்கூடாது எண்டும் சொல்லுறவர்."

நீ இதை உன் கடிதத்தில் எழுதவில்லை. ஊரெல்லாம் பொய் சொல்லிவிட்டு வீட்டுக்குள் மட்டும் உண்மை சொல்லி வைத்திருக்கிறாய். அதை மறைத்ததற்கும் சேர்த்து உன்மேல் கோபம்.

துவக்கை இரண்டாகக் கழற்றி, அவள் கொண்டுவந்த பனிச்சறுக்குப் பைக்குள் வைத்தோம். ஸ்டோவ்னரிலிருந்து மத்திய ரயில் நிலையம் வரை தே-பானே சுரங்க ரயிலில் நானே தூக்கிக்கொண்டு போனேன். எதிரே இருந்த நோர்வேக் கிழவர் பையைப் பார்த்துவிட்டு, இந்த வருடம் பனி பிந்தும், சறுக்குப் பலகைக்கு மெழுகு பூசி வைத்தால் கெடாது என்று எனக்குப் புத்தி சொன்னார். பூசிவிட்டேன் என்றேன். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து என்னை இந்த ஊர்க்காரனாக நினைத்துக் கதைத்த முதல் ஆள். "பாத்தியளோ, ஆயுதக்கடத்தல்!" என்று எம்மா தமிழில் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். எம்மாவின் துரொண்ட்ஹெய்ம் ரயில் போனபிறகு வீடு வந்து சேர்ந்தேன். மேசை வெறுமையாக இருக்கிறது. எண்ணெய் மணம் மட்டும் போகவில்லை.

இனி நோட்டீஸ். என் பெயரை எடுத்துவிடு. உன்னுடையதையும் மேலே தூக்காதே, எழுத்து என்ற வரியே வேண்டாம்.

இதைப் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. உன்னை நான் மன்னிக்கவில்லை. பெயரைப் போட்டால் வழக்கு முடிந்துவிடும். நீ மேடையில் ஏறி இரண்டு வார்த்தை சொல்லுவாய், சனம் கைதட்டும், நான் முன்வரிசையில் எழும்பிக் கும்பிடவேண்டும். அதற்குப் பிறகு? உனக்கு எனக்கு எழுத என்ன இருக்கும்? மார்கழியில் ஒரு வாழ்த்து அட்டை வரும், பிறகு அதுவும் நிற்கும். பன்னிரண்டு வருடமாக இந்த வீட்டில் என்னோடு இருந்தது இந்தக் கோபம் ஒன்றுதான். இந்த இரண்டு மாதத்தில்தான் அது எழும்பி நடந்து திரிந்தது, தபால்பெட்டியை எட்டிப் பார்த்தது. அதை ஒரு மண்டபத்தில் கைதட்டி அடக்கம்செய்ய எனக்கு மனமில்லை.

எம்மாவின் கேள்விக்கு நான் நேற்றுப் பதில் சொல்லவில்லை. மாற்ற ஆள் வந்துவிட்டால் அவனுக்குப் போக இடமில்லை என்று சொல்லு. நடிப்பதற்கு அது உதவும்.

கதிரை ஒதுக்காதே. வந்தால் கதவடியில் நிற்பேன். வராவிட்டால், பிடங்கு நிலத்தில் பட்டபிறகு சனம் எப்படி இருந்தது என்று எழுது. கூட்டியும் எழுதாதே, குறைத்தும் எழுதாதே. பிழை இருந்தால் மரத்தைத் திருப்பி அனுப்பு. அடுத்த கடிதத்தில் உன்னோடு சண்டை பிடிக்க எனக்கு இன்னும் நிறைய இருக்கிறது.

வழக்கம்போல அடியில் பெயரும் பட்டமும் எழுதப் பேனையைக் கொண்டுபோனேன். முதல் எழுத்தோடு கை நின்றது. அன்று என் பெயரை நீ எடுத்தாய், இன்று நானே எடுக்கிறேன். யாருடைய கை என்று உனக்குத் தெரியும். அந்த எழுத்தையும் அடித்துவிட்டேன். நாளைக் காலை வேலைக்குப் போகும் வழியில் இதை இப்படியே, பெயர் வைக்காமல், தபால்பெட்டியில் போடப்போகிறேன்.